மைதானத்துப் புழுக்கத்தைக் கணக்குப் போடுவது எப்படி: டர்பன் பெற்றோரும் கோச்சுகளும் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இருக்கும் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி சனிக்கிழமை, போனைப் பார்த்தேன், 28 டிகிரி என்று இருந்தது, பெரிய வெயில் இல்லை என்று நினைத்துப் பதினொரு மணிக்குப் பயிற்சியைத் தொடங்கினேன். நாற்பது நிமிடத்தில் ஒரு பையன் பந்து போன பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் தள்ளாடி நடந்தான். பேரைக் கேட்டால் நாக்குக் குழறியது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயும் இரண்டு ஐஸ் பெட்டிகளும் இருந்ததால் பிழைத்தான். அன்றைக்கு நான் பார்த்த எண் தப்பானது அல்ல, ஆனால் அது மைதானத்தின் எண் அல்ல. அதன் பிறகு படித்தது, அளந்து பார்த்தது, மற்றப் பெற்றோர்கள் கேட்டது எல்லாவற்றையும் இங்கே கேள்வி பதிலாக எழுதிவைக்கிறேன்.

வெறும் 28 டிகிரிதானே, அதில் என்ன ஆபத்து? அப்பிங்டனில் 36 டிகிரியில்கூட விளையாடுகிறார்களே?

நம் உடம்பு ஓடும்போது சூட்டை வெளியேற்ற முக்கிய வழி வியர்வை காய்வதுதான். வியர்ப்பது போதாது, அது காய வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டிக் கீழே விழுமே தவிரக் காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். இதைத்தான் நம் பாட்டிமார் ஒரே வார்த்தையில் புழுக்கம் என்றார்கள். டர்பனில் கோடையில் சூட்டைவிடப் புழுக்கம்தான் ஆளை வீழ்த்துகிறது.

பின்னால் சொல்லப்போகும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வடக்கு கேப்பில் இருக்கும் அப்பிங்டனில் 36 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் வெப்ப அழுத்த எண் 27.8 வருகிறது. டர்பனில் 28 டிகிரி, ஈரப்பதம் 78 சதவீதம் என்றால் அதே எண் 31.4. எட்டு டிகிரி குறைவாக இருக்கும் ஊரில்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல்.

அந்த வெப்ப அழுத்த எண் என்பது என்ன?

டபிள்யூபிஜிடி (வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்) என்று சொல்வார்கள். 1950களில் அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர்களுக்கான பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்துகொண்டே இருந்ததால், எப்போது பயிற்சியைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்க உருவாக்கிய அளவு இது. இன்று விளையாட்டிலும் தொழிற்சாலைகளிலும் ராணுவத்திலும் உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்று, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி. இரண்டாவது, அடிக்குமிழில் ஈரத் துணி சுற்றி வெயிலிலும் காற்றிலும் திறந்து வைத்தது, இது வியர்வை எவ்வளவு காயும் என்பதைக் காட்டும். மூன்றாவது, மினுக்கம் இல்லாத கறுப்புப் பூசிய 15 சென்டிமீட்டர் செம்பு உருண்டைக்குள் வைத்தது, இது வெயில் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டும். ஈரத் துணி அளவில் 70 சதவீதம், கறுப்பு உருண்டை அளவில் 20 சதவீதம், சாதாரண வெப்பநிலையில் 10 சதவீதம் எடுத்துக் கூட்டினால் டபிள்யூபிஜிடி. போனில் பெரிய எழுத்தில் காட்டும் வெப்பநிலைக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் இடம். அன்றைக்கு நான் முடிவெடுத்தது அந்தப் பத்தில் ஒரு பங்கை வைத்துத்தான்.

ஈரக் குமிழ் வெப்பநிலை 35ஐத் தாண்டினால் மனிதன் உயிர் வாழ முடியாது என்று செய்திகளில் படித்தேனே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அந்த 35 என்பது வெறும் ஈரத் துணி வெப்பமானியின் அளவு. அதுவும் நிழலில், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதனுக்கு ஏட்டளவில் போட்ட உச்ச வரம்பு. ஓடும் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டபிள்யூபிஜிடி வேறு அளவு, அதன் வரம்புகள் அதைவிடக் கீழே இருக்கின்றன. 35 வரவில்லையே என்று யாராவது மைதானத்தில் வாதாடினால் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்களிடம் கருவி ஒன்றும் இல்லை. வானிலைத் தகவலை மட்டும் வைத்துக் கணக்கிட முடியுமா?

முடியும். எளிய வழி ஆஸ்திரேலிய வானிலைத் துறை வெளியிட்ட சூத்திரம். வெப்பநிலையும் ஈரப்பதமும் போதும்.

முதலில் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அழுத்தம் உண்டு. ஹெக்டோபாஸ்கல் கணக்கில் 24 டிகிரிக்கு 29.8, 26க்கு 33.5, 28க்கு 37.7, 30க்கு 42.3, 32க்கு 47.4, 34க்கு 53.0. இதை ஒரு தாளில் எழுதிக் கிட் பையில் போட்டுவையுங்கள். இந்த எண்ணை ஈரப்பத சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் இப்போது காற்றில் இருக்கும் ஆவி அழுத்தம் கிடைக்கும்.

அப்புறம் மூன்றே படிகள். வெப்பநிலையை 0.567 ஆல் பெருக்குங்கள். ஆவி அழுத்தத்தை 0.393 ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, அதோடு 3.94ஐச் சேருங்கள்.

என்னுடைய அந்த 28 டிகிரிச் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம், ஈரப்பதம் 78. ஆவி அழுத்தம் 37.7 பெருக்கல் 0.78, அதாவது 29.4. வெப்பநிலைப் பங்கு 15.9, ஆவிப் பங்கு 11.6, கூட 3.94. மொத்தம் 31.4. போன் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. எக்ஸெல் தெரிந்த பெற்றோர் ஒருவர் இருந்தால் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார், பிறகு இரண்டு எண்களைத் தட்டினால் போதும்.

இன்னும் சில எண்களைப் போட்டுப் பார்த்து வைத்திருக்கிறேன். 24 டிகிரியும் 80 சதவீதமும் என்றால் 26.9. 26 டிகிரியும் 80 சதவீதமும் என்றால் 29.2. 30 டிகிரியும் 70 சதவீதமும் என்றால் 32.6. டர்பனில் பிப்ரவரியில் இவை எல்லாமே சாதாரண நாட்கள்.

காலையில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று பார்த்தேன், மதியம் 31 டிகிரி வரும் என்று போட்டிருக்கிறது. சூத்திரத்தில் போட்டால் 37க்கு மேல் வருகிறது, இது நம்பக்கூடியதா?

நம்பக்கூடியது அல்ல. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இதுதான், நானும் ஆரம்பத்தில் செய்தேன். நாளின் உச்ச வெப்பநிலையும் நாளின் உச்ச ஈரப்பதமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. விடிகாலையில் காற்று குளிர்ந்திருப்பதால் அது தாங்கக்கூடிய ஈரம் குறைவு, அதனால் சதவீதம் உயரமாகத் தெரியும். வெயில் ஏற ஏற அதே அளவு நீராவி இருந்தாலும் சதவீதம் இறங்கும்.

காலை ஆறு மணிக்கு 23 டிகிரி, 90 சதவீதம் என்றால் ஆவி அழுத்தம் 25 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல். மதியம் 31 டிகிரி ஆகும்போது காற்று மாறாமல் இருந்தால் அதே 25தான் இருக்கும், சதவீதமாகச் சொன்னால் 56. அதைப் போட்டால் 31.4. உங்களுக்கு வந்த 37க்கும் இதற்கும் ஆறு டிகிரி வித்தியாசம். ஆகவே வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒரே மணி நேரத்துக்கானவையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இதைவிட நல்ல வழி பனிநிலையைப் பார்ப்பது. வானிலை ஆப்களில் டியூ பாயிண்ட் என்று இருக்கும். காற்றை எந்த வெப்பநிலை வரை குளிர்வித்தால் பனி படியத் தொடங்கும் என்பதே அது. சதவீதம் மாதிரி நாள் முழுக்க ஏறி இறங்காது. பனிநிலை 20 என்றால் ஆவி அழுத்தம் 23.3, 22 என்றால் 26.4, 24 என்றால் 29.8. நேராக அதையே சூத்திரத்தில் போடலாம். நான் இப்போதெல்லாம் சனிக்கிழமை காலை எழுந்ததும் முதலில் பார்ப்பது பனிநிலைதான். 22ஐத் தாண்டியிருந்தால், வெளியே எவ்வளவு இதமாகத் தெரிந்தாலும் சரி, அன்றைக்குப் பயிற்சித் திட்டத்தை மாற்றிவிடுவேன்.

எந்த இடத்து வானிலைத் தகவலை எடுப்பது? விமான நிலையத்துடையது எங்களுக்குப் பொருந்துமா?

போனில் டர்பன் என்று போட்டால் வருவது எந்த இடத்து அளவு என்று முதலில் பாருங்கள். கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லா மெர்சியில் இருக்கிறது. 2010இல் திறந்தது. சுற்றிலும் வெட்டவெளி, கடல் பக்கம், காற்று தடையில்லாமல் அடிக்கும். பக்கத்தில் இருக்கும் வெருலம், டொங்காட் பிள்ளைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். சாட்ஸ்வர்த் கடலைவிட்டு உள்ளே, மேடும் பள்ளமுமாக இருக்கும் இடம், வீடுகள் நெருக்கம், நம் மைதானங்கள் பல பள்ளத்தில் கிடக்கின்றன. கடற்காற்று அங்கே வந்து சேருவதற்குள் பாதி செத்துவிடும்.

மைதானத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் மணிவாரியாகக் கணிப்புத் தரும் இலவசச் சேவைகள் இருக்கின்றன. ஓபன்-மீட்டியோ அப்படி ஒன்று. வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை, காற்று வேகம், சூரியக் கதிர்வீச்சு எல்லாம் கிடைக்கும். ஆனால் அது உங்கள் மைதானத்தில் அளந்தது அல்ல, சில கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணினி போட்ட கணக்கு. தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் கணிப்பையும் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கூடுதலாக இருக்கும் எண்ணை எடுங்கள்.

ஒரு விஷயம் மறந்துவிடக் கூடாது. காற்று வேகத்தை வானிலை நிலையங்கள் பத்து மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. புல்வெளியில் இரண்டு மீட்டர் உயரத்தில் அதில் முக்கால் பங்குதான் இருக்கும். மதில், மரம், பார்வையாளர் மேடை சூழ்ந்த மைதானத்தில் இன்னும் குறைவு. ஆப்பில் நல்ல காற்று என்று போட்டிருப்பதை நம்பி மைதானத்தில் போய் நின்றால் ஓர் இலைகூட அசையாது.

சூத்திரத்தில் வெயிலும் காற்றும் இல்லையே? அப்படியானால் எவ்வளவு தூரம் நம்பலாம்?

நல்ல கேள்வி. இந்தச் சூத்திரம் ஓரளவு கடுமையான வெயிலும் லேசான காற்றும் இருப்பதாகத் தானே எடுத்துக்கொள்கிறது. அதனால் மேகமூட்டமான நாளிலும் பலத்த காற்றிலும் மாலை மங்கிய பிறகும் உண்மையைவிடக் கூட்டிச் சொல்லும். விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பயிற்சிக்கு இதைப் போட்டால் தேவையில்லாமல் பயமுறுத்தும். மாறாக, மேகமே இல்லாத நண்பகலில், காற்று நின்றுபோன மைதானத்தில் உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும். அந்தக் குறைவுதான் ஆபத்தானது, ஏனென்றால் அந்த நேரத்தில்தான் நமக்கு எண் வேண்டும்.

டர்பனில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர்மேலே, 83 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். பிப்ரவரி நடுவில்கூட 73 டிகிரி. பிப்ரவரியில் நமக்கு வெயில் உச்சிக்கு வருவது 12.10 மணி அளவில். வெப்பநிலை உச்சம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் 'இன்னும் சூடு ஏறவில்லை, பன்னிரண்டு மணி ஆட்டத்தை முடித்துவிடுவோம்' என்ற கணக்கு தப்பு, கறுப்பு உருண்டை அந்த நேரத்தில்தான் கொதிக்கும்.

என் வழக்கம் இது: மேகம் இருக்கிறது என்று எண்ணைக் குறைக்க மாட்டேன், ஏனென்றால் மேகம் ஐந்து நிமிடத்தில் விலகிவிடும். சுள்ளென்ற வெயில், காற்றில்லை என்றால் வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வேன். இது விஞ்ஞானம் அல்ல, பிள்ளைகள் பக்கம் சாய்ந்த எச்சரிக்கை.

துல்லியம் வேண்டுமென்றால் லில்ஜெக்ரனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட கணக்கு முறை இருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு நான்கையும் எடுத்துக்கொண்டு கறுப்பு உருண்டை எவ்வளவு சூடேறும், ஈரத் துணி எவ்வளவு குளிரும் என்று இயற்பியல்படி தீர்க்கும். கையால் போட முடியாது. ஆனால் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், இதற்கான இலவச நிரல்களும் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது அருமையான செய்முறை வேலை.

ஆப்பிலேயே 'ஃபீல்ஸ் லைக்' என்று வருகிறதே, அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. முதலாவது, ஒவ்வொரு ஆப்பும் வேறு வேறு சூத்திரத்தில் அதைப் போடுகிறது. பலரும் எடுத்துக்கொள்ளும் ஹீட் இன்டெக்ஸ் நிழலில், மெல்லிய காற்றில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் நின்றால் அதற்கு மேல் எட்டு டிகிரி வரை கூடலாம் என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

இரண்டாவது, இன்னும் சிக்கலானது. 28 டிகிரி, 78 சதவீதத்துக்கு ஹீட் இன்டெக்ஸும் ஏறக்குறைய 31, 32தான் வரும். நம் சூத்திரமும் 31.4 தருகிறது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவோம். ஆனால் ஹீட் இன்டெக்ஸ் அட்டவணையில் 32க்குக் கீழே என்பது ஆகக் குறைந்த எச்சரிக்கை நிலை. டபிள்யூபிஜிடியில் 32 என்பது 2014 உலகக் கோப்பையில் ஆட்டத்தையே இடையில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்த நிலை. எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதை ஒவ்வொரு தடவையும் பேரோடு சொல்லிப் பழகுங்கள்.

சரி, எந்த எண்ணில் நிறுத்துவது?

முதலில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஃபிஃபா 32இல் ஆட்டத்தின் நடுவே குளிர்ச்சி இடைவேளை கொடுக்கலாம் என்கிறது. 2014 உலகக் கோப்பையில் ஃபோர்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது கொடுத்தார்கள். ஆட்டக்காரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ 28இலேயே இடைவேளை வேண்டும், 32க்கு மேல் ஆட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. இவை எல்லாம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு, மருத்துவர் பக்கத்தில் நிற்கும் மைதானங்களுக்கு.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2012இல் கொண்டுவந்த விதி. அந்த ஊரும் நம் ஊர் மாதிரியே புழுக்கம். செல்சியஸில் சொன்னால், 27.8க்குக் கீழே வழக்கம்போல் பயிற்சி, ஆனால் இடைவேளை உண்டு. அதற்கு மேல் இடைவேளை நீளும், ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். 30.6இல் பயிற்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 32.2இல் ஒரு மணி நேரம் மட்டும், அதில் இருபது நிமிடம் ஓய்வு, தண்டனை ஓட்டமோ உடற்பயிற்சியோ கிடையாது. 33.3ஐத் தாண்டினால் வெளியே பயிற்சியே இல்லை.

நான் இதைவிட ஒரு படி கீழே வைத்திருக்கிறேன். 28 வந்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல், தண்ணீர், தலையில் ஈரத் துண்டு. 30 வந்தால் பயிற்சி பாதி நேரம், ஓட்டம் இல்லை, பந்து நிறுத்துவது கொடுப்பது மட்டும். 32 வந்தால் வீட்டுக்கு. எங்களிடம் மருத்துவர் இல்லை, நிழல் ஒரே ஒரு மாமரம், பிள்ளைகள் சிலர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், அதனால்தான் கீழே வைத்தேன். உங்கள் மைதானத்தில் எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்து நீங்களும் வையுங்கள். ஆனால் பருவம் தொடங்கும் முன்பே எழுதி எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நிற்கும்போது யாருக்கும் நிறுத்த மனம் வராது.

எங்கள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து கரும்புக் காட்டில் வெயிலில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். இவர்களுக்கு வெயில் என்ன செய்யும்?

இந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. கரும்புக் காட்டில் நம்மவர்கள் வெயிலில் வேலை செய்தது உண்மை. அந்த வெயில் அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை அல்ல.

உடம்பு வெயிலுக்குப் பழகும், ஆனால் அது பரம்பரையாக வருவதில்லை. பத்து முதல் பதினான்கு நாள் வரை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுத்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும், இரத்தத்தில் நீர் கூடும், இதயத் துடிப்பு இறங்கும். வெயிலைவிட்டு விலகிச் சில வாரம் இருந்தால் அத்தனையும் போய்விடும். டிசம்பர் விடுமுறை முழுக்க ஃபேனுக்கு அடியில் வீடியோ கேம் பெட்டியோடு உட்கார்ந்த பிள்ளை, ஜனவரி நடுவில் பள்ளி திறந்ததும் தடகளத் தேர்வுக்கு ஓடுகிறது. அந்த முதல் இரண்டு வாரம்தான் வருடத்திலேயே ஆபத்தானது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு விட்டு எழுந்த பிள்ளை, உடல் பருமனான பிள்ளை, இரவு சரியாகத் தூங்காத பிள்ளை, சில மருந்துகள் சாப்பிடும் பிள்ளை, இவர்களுக்கு எண் எதுவாக இருந்தாலும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

செயற்கைப் புல் மைதானம் வந்திருக்கிறது. அதில் ஏதாவது வித்தியாசமா?

பெரிய வித்தியாசம். இயற்கைப் புல் நீரை ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புல்லும் அதன் அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் துகளும் வெயிலை அப்படியே வாங்கிச் சூடேறும். நல்ல வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். தைப்பூசத்தில் காவடி எடுத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது புரியும், அதனால்தான் வழி நெடுகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

வானிலை நிலையம் புல் தரையில் இருப்பதால் அதன் தகவலில் இந்தச் சூடு தெரியாது. தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் குளிரும், பிறகு அந்த நீரே ஆவியாகிப் புழுக்கம் கூடும். நண்பகலில் சின்னப் பிள்ளைகளை அதில் இறக்காமல் இருப்பதே நல்லது.

கோடை முடிந்தால் பிரச்சினை இல்லைதானே?

பெர்க் காற்றை மறந்துவிட்டீர்கள். குளிர்காலத்திலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து காற்று கீழே இறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடுவதால் சூடேறிக் காய்ந்து வரும். காலையில் ஸ்வெட்டர் போட்டு வந்த பிள்ளைகள் மதியம் 35 டிகிரியில் ஆடுவார்கள். ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் சூத்திரம் 27 என்றுதான் சொல்லும். பார்க்கச் சின்ன எண். ஆனால் குளிர்காலத்தில் யார் உடம்பும் வெயிலுக்குப் பழகியிருக்காது, வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்றும் தெரியாது. கால்பந்துப் பருவத்தின் நடுவில் வருவதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அன்றைக்கு 27ஐ 30 மாதிரி நடத்துங்கள்.

கிரிக்கெட்டுக்கும் இதே எண்கள்தானா?

களத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மட்டை பிடிப்பவருக்கும் விக்கெட் கீப்பருக்கும் இல்லை. பேட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டால் வியர்வை காயும் இடம் குறைந்துவிடும், அதோடு ரன் ஓட வேண்டும். வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு ஓவர்களைக் குறையுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் போதாதா?

தண்ணீர் வேண்டும், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. தண்ணீர் வயிறு முட்டக் குடித்த பிள்ளையும் வெயில் தாக்கி விழும், ஏனென்றால் சிக்கல் சூடு வெளியேறாதது. அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகிவிடும். தாகத்துக்குக் குடிக்கட்டும், அடிக்கடி குடிக்க வாய்ப்புக் கொடுங்கள். உப்புப் போட்ட மோர் எனக்குப் பிடித்தது, பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது.

இவ்வளவு பார்த்தும் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால்?

குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், வாந்தி, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் வெயில் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு வியர்த்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஓடி விளையாடி வரும் வெயில் தாக்கில் தோல் ஈரமாகவே இருக்கும். உள்ளுடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். நெற்றியிலோ அக்குளிலோ வைக்கும் வெப்பமானி குறைத்துக் காட்டும், அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கழுத்துவரை இறக்குவது ஆகச் சிறந்தது, தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். தொட்டி இல்லையென்றால் குழாயடியில் படுக்கவைத்து நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றுங்கள், ஐஸ் நீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள், யாராவது விசிறட்டும். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது கைப்பேசியிலிருந்து 112 அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் குளத்தைக் காற்று அடித்து மைதானத்தில் வைத்திருக்கிறோம், இதுவரை விளையாடத்தான் பயன்பட்டிருக்கிறது.

கருவி வாங்கினால் நல்லதா? செலவு அதிகமாயிற்றே.

நான்கைந்து குழுக்கள் சேர்ந்தால் கையடக்கக் கருவி ஒன்று வாங்கலாம், கெஸ்ட்ரல் மாதிரி. வெப்பநிலை என்று மட்டும் காட்டுவதை வாங்காதீர்கள், சின்னக் கறுப்பு உருண்டை இருக்கிறதா என்று பாருங்கள். மைதானத்தின் நடுவில், வெயிலில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே முக்காலியில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து படியுங்கள். கையில் பிடித்தபடியோ, மரத்தடியில் நின்றபடியோ படித்தால் பயனில்லை.

பணம் இல்லையென்றால் டேபிள் டென்னிஸ் பந்தில் மினுக்கம் இல்லாத கறுப்பு வண்ணம் பூசி உள்ளே வெப்பமானி செருகிச் செய்து பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்களே இதைச் செய்கிறார்கள். சின்ன உருண்டை காற்றில் சீக்கிரம் குளிர்வதால் 15 சென்டிமீட்டர் செம்பு உருண்டையைவிடக் குறைத்துக் காட்டும், அதை நினைவில் வையுங்கள்.

பள்ளி விளையாட்டு விழாவை எப்போதும் பிப்ரவரியில் நண்பகலில்தான் வைக்கிறார்கள். சொன்னால் கேட்பார்களா?

வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், எல்லா வருடமும் வெயில்தான் என்பார்கள். எண்ணோடு போங்கள். ஓபன்-மீட்டியோவில் பழைய வருடங்களின் மணிவாரித் தகவலும் கிடைக்கும். கடந்த பத்துப் பிப்ரவரிகளை எடுத்து, காலை எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று நான்கு வரிசையில் சூத்திரத்தைப் போட்டு, 28ஐயும் 30ஐயும் 32ஐயும் தாண்டிய நாட்களை எண்ணி ஒரே பக்கத்தில் கொண்டுபோங்கள். நான் அப்படி ஒரு தாளோடு ஒரு தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனேன். விழாவை மார்ச் கடைசிக்கு மாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் நீண்ட ஓட்டங்கள் காலை எட்டு மணிக்கு வந்துவிட்டன, கூடாரம் ஒன்று பிள்ளைகள் பக்கமும் போட்டார்கள்.